அத்தியாயம் 7: மரினா நிறுத்தத்தில் கசிவு அடைத்தல்

பாய்ப்படகுக்குள் நீர் இரண்டு பக்கமிருந்து வரலாம்: நீர்மட்டத்துக்குக் கீழேயிருந்து, அல்லது மேலேயிருந்து. கீழேயிருந்து வருவது படகை மூழ்கடிக்கும். மேலேயிருந்து வருவது படுக்கையை நனைக்கும், மின்கம்பிகளை அரிக்கும், டெக்கின் நடுவே பொதிந்திருக்கும் பால்சா மரத்தைச் சத்தமில்லாமல் உளுத்துப்போகச் செய்யும். 25 முதல் 35 அடி நீளமுள்ள ஃபைபர் பாய்ப்படகு ஒன்று நெடும்பயணத்தின் நடுவே மரினாவில் சில நாள் தங்கும்போது, படகுக்காரர் தம் கையாலேயே செய்துகொள்ளக்கூடிய அடைப்பு வேலைகளை இந்த அத்தியாயம் விளக்குகிறது.

நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே 25 மி.மீ. துளை ஒன்று திறந்துகொண்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 லிட்டர் நீர் உள்ளே வரும். 38 மி.மீ. துளையானால் 140 லிட்டர். சிறு படகுகளில் வழக்கமாக இருக்கும் மின்பம்பில் மணிக்கு 3,000 லிட்டர் என்று போட்டிருந்தால், நிமிடக் கணக்கில் அது வெறும் 50 லிட்டர்தான். ஹோஸ் ஏறும் உயரம், அதன் வளைவுகள், பேட்டரியின் சோர்வு எல்லாம் சேர்ந்து அதையும் வெகுவாகக் குறைத்துவிடும். படகுகள் கடலில் ஓடும்போது மூழ்குவதைவிடக் கட்டிய இடத்தில் மூழ்குவதே அதிகம். ஆள் இல்லாத இரவில் ஒரு ஹோஸ் கிளிப் அறுந்தால், பேட்டரி தீரும்வரை பம்பு ஓடும், பிறகு நின்றுவிடும். சிறு கசிவைப் பம்பின் பொறுப்பில் விட்டுவைக்கக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

வேலை தொடங்கும் முன்

மரினாவில் மிகப் பெரிய ஆபத்து நீரில் கலந்துவரும் மின்சாரம். அடிப்பாகத்தைப் பார்க்கலாம் என்று கரை மின்சாரம் இணைந்திருக்கும் துறையில் நீரில் இறங்கக் கூடாது. சொந்தப் படகின் கேபிளைக் கழற்றிவிட்டாலும் பக்கத்துப் படகிலிருந்து கசியும் மின்சாரம் நீரில் இருக்கலாம். அது தசைகளை முடக்கி ஆளை மூழ்கடித்துவிடும். உவர்நீரைவிட நன்னீரில் இந்த ஆபத்து கூடுதல். எனவே ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் மரினாக்களில், மழைக்காலத்தில் இன்னும் கவனம் வேண்டும்.

மற்ற முன்னெச்சரிக்கைகள்:

1. அடிக்குழியில் (பில்ஜில்) கை வைக்கும் முன் கரை மின்கேபிளைக் கழற்றிவிட வேண்டும். 12 வோல்ட் பம்பின் இணைப்பை மட்டும் விட்டுவைக்கலாம்.
2. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் அடிக்குழியில்தான் தேங்கும். சிலிண்டர் வால்வை மூடி, காற்றோட்டம் செய்த பிறகே மின்கருவியைத் தொட வேண்டும். பெட்ரோல் எஞ்சின் உள்ள படகில் இது இரட்டிப்பு அவசியம்.
3. எஞ்சின் சாவியை எடுத்துப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஷாஃப்ட் அருகே கை இருக்கும்போது வேறொருவர் எஞ்சினைக் கிளப்பிவிடும் வாய்ப்பு அப்போதுதான் முற்றிலும் நீங்கும்.
4. எபாக்சி, அசிட்டோன், பாலியூரித்தேன் சீலன்ட் மூன்றுக்கும் அவற்றுக்குரிய கையுறையும் திறந்த ஜன்னலும் தேவை. தோலில் ஒட்டிய எபாக்சியை அசிட்டோனால் கழுவக் கூடாது. அது பிசினைத் தோலுக்குள் இன்னும் இறக்கிவிடும். சோப்பும் நீரும் போதும்.
5. அடிக்குழி நீரில் எண்ணெய் மிதந்தால் அதை வெளியே இறைக்கக் கூடாது. எண்ணெயை உறிஞ்சும் பஞ்சுத்தாளைப் போட்டு முதலில் எண்ணெயை எடுக்க வேண்டும்.

எந்த நீர்?

பழைய படகுக்காரர்கள் அடிக்குழி நீரை நாவில் வைத்துப் பார்ப்பார்கள். டீசலும் கழிவும் கலந்த நீரில் அது தேவையில்லாத துணிச்சல். இப்போது சுலபமான வழி இருக்கிறது. வீட்டுக் குடிநீர் சுத்திகரிப்பானைச் சோதிக்கப் பயன்படும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று போதும். தொட்டி நீர், படகுக்கு வெளியே உள்ள நீர், அடிக்குழி நீர் மூன்றிலும் அளந்து ஒப்பிட வேண்டும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு இருப்பதால் மலிவான மீட்டர் அதன் எல்லையைத் தாண்டிவிடும். தொட்டி நீரோ லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராமைத் தாண்டாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கொச்சியில் போல்காட்டித் தீவின் மரினா காயலுக்குள் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஆறுகள் பெருகி வந்து அந்தக் காயல் நீரை ஏறக்குறைய நன்னீராக்கிவிடும். அங்கே ஜூலையில் உப்பில்லாத நீர் அடிக்குழியில் தேங்கினால், அது தொட்டியிலிருந்தும் வந்திருக்கலாம், டெக்கிலிருந்தும் வந்திருக்கலாம், படகின் அடியிலிருந்தும் வந்திருக்கலாம். இத்தகைய இடத்தில் தொட்டி நீரில் சிவப்புச் சாப்பாட்டு வண்ணம் சிறிது கலந்துவிடுவது நல்லது. அடிக்குழியில் சிவப்பு தெரிந்தால் வழக்கு முடிந்தது. குழாய் எதுவும் திறக்காதபோதும் நன்னீர் பம்பு அவ்வப்போது தானே ஓடி நிற்பதும் தொட்டிப் பக்கக் கசிவின் தெளிவான அடையாளம்.

குறிப்பு: அடிக்குழியில் பழைய உப்பு படிந்திருந்தால் மழைநீர்கூட உப்பாகவே காட்டும். முதலில் நன்னீர் விட்டுக் கழுவி, ஸ்பாஞ்சால் ஒற்றி, துணியால் துடைத்து முழுக்க உலர்த்திய பிறகே அளவீடு தொடங்க வேண்டும்.

எப்போது வருகிறது?

நீர் தெரியும் இடமும் நுழையும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. உள்கூரைப் பலகைக்கும் டெக்கிற்கும் நடுவே இரண்டு மீட்டர் ஓடிவந்து சொட்டும் நீரும் உண்டு. இந்த வேலையில் நேரமும் பணமும் அதிகம் வீணாவது, சொட்டும் இடத்தில் சீலன்ட் பூசுவதால்தான். நுழைவாயைக் கண்டுபிடிக்காமல் ஒரு குழல் சீலன்ட்டைக்கூடத் திறக்கக் கூடாது.

நேரமே முதல் தடயம். மழை பெய்தால் மட்டும் வருவது டெக் கசிவு. எஞ்சின் ஓடினால் மட்டும் வருவது குளிர்நீர் பம்பு, எக்ஸாஸ்ட் ஹோஸ் அல்லது ஷாஃப்ட் கிளாண்ட். ஒரு பக்கம் சாய்ந்து பாயோடும்போது மட்டும் வருவது அந்தப் பக்கத்துச் செயின்பிளேட் (பாய்மரத்தின் பக்கக் கம்பியைப் படகுடன் பிணைக்கும் தட்டு), டெக்கும் உடலும் சேரும் விளிம்பு, அல்லது வழக்கமாக நீருக்கு மேலே நிற்கும் வடிகுழாய். காற்றும் மழையும் இல்லாமல், எஞ்சினும் ஓடாமல், கட்டிக் கிடக்கும் இரவில் வருவதுதான் மிகக் கவலைக்குரியது. வால்வுகள், கிளாண்ட், சுக்கான் தண்டு, கீல் (படகின் அடியில் பொருத்திய கனமான துடுப்புப் பகுதி) என்ற வரிசையில் அப்போது தேட வேண்டும்.

தேடும் முறை எளியது. உலர்ந்த அடிக்குழியில் ஒவ்வொரு பொருத்தின் கீழும் ஒரு திசுத்தாளைச் சுற்றிவைக்க வேண்டும். அவற்றைச் சுற்றி முகப்பவுடரை மெல்லியதாகத் தூவினால், ஒரே சொட்டு ஓடினாலும் பவுடரில் கோடு விழும். கோட்டை மேல்நோக்கித் தொடர்ந்தால் வாய் தெரியும். தேங்கும் நீரை அளவுக் குவளையில் எடுத்து, நேரத்துடன் எழுதிவைக்க வேண்டும். நொடிக்கு ஒரு சொட்டு என்பது ஒரு நாளில் 4 லிட்டருக்கு மேல் ஆகிவிடும். அதே அளவு மறுநாள் 6 லிட்டரானால் வேலை அவசரமாகிறது.

ஷாஃப்ட் கிளாண்ட்

எஞ்சின் தண்டு உடலைத் துளைத்து வெளியேறும் இடத்தில், மெழுகும் கொழுப்பும் ஊறிய சதுரக் கயிற்று வளையங்களை நட் ஒன்று அழுத்திப் பிடித்திருக்கும். இந்தக் கிளாண்ட் சொட்டவே வேண்டும்: தண்டு சுழலும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு, நிற்கும்போது ஏறக்குறைய ஒன்றுமில்லை. அந்தச் சொட்டுதான் கயிற்றைக் குளிர்விக்கிறது. புதிய வகைச் செயற்கை இழைக் கயிறுகள் மட்டும் சொட்டாமலே இயங்கும்.

அதிகம் சொட்டினால் முதல் வேலை இறுக்குவது. இரண்டு ஸ்பேனர்கள் வேண்டும். ஒன்றால் கிளாண்ட் நட்டைப் பிடித்துக்கொண்டு, மற்றதால் பூட்டு நட்டைத் தளர்த்தி, கிளாண்ட் நட்டை எட்டில் ஒரு பங்கு மட்டும் சுற்றி, மறுபடி பூட்ட வேண்டும். பிறகு கயிறுகளால் படகை இறுகக் கட்டி, கியரில் பத்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, எஞ்சினை நிறுத்தியபின் நட்டைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் இறுக்கம் அதிகம். ஒரேயடியாக இறுக்கிச் சொட்டை நிறுத்துவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. கயிறு கருகித் தண்டில் பள்ளம் விழுந்துவிட்டால், பிறகு எந்தக் கயிறும் அதை அடைக்காது.

இறுக்கியும் நிற்காவிட்டால் கயிற்றை மாற்ற வேண்டும். அனுபவசாலிகள் படகு நீரில் இருக்கும்போதே மாற்றுவார்கள். முதல்முறை செய்பவர் படகைத் தூக்கிய பிறகு செய்வதே நல்லது.

1. பூட்டு நட்டைத் தளர்த்தி, கிளாண்ட் நட்டைத் தண்டின் வழியே பின்னுக்கு இழுக்கவும்.
2. வளைந்த கொக்கியால் பழைய வளையங்களை ஒவ்வொன்றாக எடுக்கவும். கடைசி வளையம் கல்லாக இறுகி, உலோகத்தின் நிறத்திலேயே ஒட்டிக்கிடக்கும். அதை விட்டுவிட்டு மேலே புதியதைப் போடுவதால்தான் பல கிளாண்ட்கள் ஒரே மாதத்தில் மறுபடி ஒழுகுகின்றன. டார்ச் அடித்து, உள்ளே உலோகம் மட்டும் தெரிவதை உறுதிசெய்ய வேண்டும்.
3. தண்டைத் துடைத்து நகத்தால் வருடிப் பார்க்கவும். நகம் சிக்கினால் தண்டு தேய்ந்திருக்கிறது. மெக்கானிக் பார்க்க வேண்டும்.
4. கயிற்றின் பருமனை முடிவுசெய்யவும். பழைய வளையம் நசுங்கியிருப்பதால் அதை அளக்கக் கூடாது. தண்டுக்கும் நட்டின் உள்சுவருக்கும் இடையே டிரில் பிட்களின் அடிப்பகுதியை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தால், சரியாகப் பொருந்தும் பிட்டின் அளவே கயிற்றின் அளவு.
5. புதிய கயிற்றைத் தண்டின் மேலேயே சுற்றி, கூரான பிளேடால் சாய்வாக வெட்டவும். முனைகள் ஒன்றையொன்று தொட வேண்டும். ஏறி உட்காரக் கூடாது.
6. மூன்று வளையங்களை ஒவ்வொன்றாக நுழைக்கவும். ஒவ்வொன்றின் இணைப்பும் முந்தையதிலிருந்து 120 பாகை தள்ளி இருக்க வேண்டும்.
7. நட்டைக் கையிறுக்கமாக மட்டும் விட்டு, படகை இறக்கியபின் மேலே சொன்னபடி சிறிது சிறிதாகச் சரிசெய்யவும்.

சொட்டாத ரப்பர் சீல் உள்ள படகில் வேலை வேறு. படகை நீரில் இறக்கிய ஒவ்வொரு முறையும் சீலுக்குள் சிக்கிய காற்றை ரப்பரை அமுக்கி வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் சீல் உலர்வாக ஓடி எரிந்துவிடும். ரப்பரில் வெடிப்பு தெரிந்தால் ஒட்டுப்போட முயலாமல் மாற்றிவிட வேண்டும்.

வால்வுகளும் ஹோஸ்களும்

உடலைத் துளைத்து நிற்கும் ஒவ்வொரு பொருத்திலும் மூன்றைச் சோதிக்க வேண்டும்: உலோகம், கைப்பிடி, கிளிப்.

உலோகத்தைக் கத்தி முனையால் லேசாகச் சுரண்டினால் மஞ்சள் மினுமினுப்பு தெரிய வேண்டும். செம்பு கலந்த இளஞ்சிவப்பு தெரிந்தால் அது சாதாரணப் பித்தளை. அதிலுள்ள துத்தநாகம் கடல்நீரில் கரைந்துபோய்விட்டது. மிஞ்சியிருப்பது கையால் உடையும் பொள்ளல். இத்தகைய வால்வை அடுத்த துறைமுகம் வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. மாற்றாக வெண்கலம், துத்தநாகம் கரையாத டி.இசட்.ஆர். பித்தளை, அல்லது கண்ணாடியிழை கலந்த நைலான் வால்வு பொருத்த வேண்டும். மாற்றும் வேலை தரையில்தான்.

கைப்பிடி முழுதாகத் திறந்து மூட வேண்டும். இறுகிக் கிடப்பதைச் சுத்தியலால் அடித்துத் திருப்பினால் நீருக்கடியிலேயே முறியலாம். தூக்கும் நாளுக்கு ஒத்திவைப்பதே அறிவு.

ஹோஸ் கிளிப்பின் மேற்பக்கம் பளபளப்பாக இருக்கும். துரு அடிப்பக்கத்தில், திருகு பற்களுக்குள் ஒளிந்திருக்கும். கைபேசி கேமராவை அடியில் நீட்டிப் படமெடுத்தால் தெரிந்துவிடும். நீர்மட்டத்துக்குக் கீழே ஒவ்வொரு முனைக்கும் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகில் இரண்டு கிளிப்கள் வேண்டும். ஹோஸை மாற்றும்போது வால்வை மூடி, உரிய பருமனுள்ள மரத்தக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாக உருவ வேண்டும். மூடியதாகத் தோன்றும் வால்வு மூடாமல் இருக்கலாம். புதிய ஹோஸ் ஏறாவிட்டால் முனையை வெந்நீரில் நனைத்தால் இளகும். தீயைக் காட்டக் கூடாது.

எல்லாப் பொருத்தும் உலர்வாக இருந்தும் நீர் ஏறினால் கழிப்பறையையும் பம்பின் வெளியேற்றுக் குழாயையும் பார்க்க வேண்டும். ஹோஸின் உயர்ந்த வளைவில் காற்று வால்வு உப்பால் அடைத்துக்கொண்டால், வெளிநீர் தானாகவே உறிஞ்சப்பட்டு உள்ளே இறங்கும். அந்தச் சிறு வால்வைக் கழற்றி நன்னீரில் கழுவினாலே தீரும் கசிவுகள் பல.

டெக்கிலிருந்து இறங்கும் நீர்

நுழைவாயைக் காண இரண்டு வழிகள். ஒன்று, ஒருவர் உள்ளே டார்ச்சுடன் இருக்க, மற்றவர் ஹோஸால் டெக்கின் தாழ்ந்த பகுதியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பொருத்திலும் பத்து நிமிடம் நீர் விடுவது. மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒரே நேரத்தில் நனைந்து குழப்பும். இரண்டாவது வழி இன்னும் துல்லியமானது: ஹேட்ச், காற்றுத்துளை, வடிகால் எல்லாவற்றையும் டேப்பால் மூடி, வாசலில் அட்டை பொருத்தி, ஊதுவிசிறி ஒன்றால் உள்ளே காற்றை ஏற்றி, வெளியே பொருத்துகளில் சோப்பு நீரைத் தெளித்தால், ஓட்டையுள்ள இடத்தில் குமிழ் கிளம்பும்.

பொருத்தைக் கழற்றாமல் விளிம்பைச் சுற்றிச் சீலன்ட் இழுத்துவிடுவது இங்கே வழக்கமான தவறு. அது நீரின் வழியை மாற்றும். சில சமயம் உள்ளே போன நீர் வெளியேறவும் விடாது. தடுப்புக் கம்பியின் அடித்தட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டால் முறை இது:

1. தட்டை முழுதாகக் கழற்றி, பழைய சீலன்ட்டைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைக்கவும்.
2. டெக்கின் போல்ட் துளைக்குள் கம்பியை விட்டுக் கிளறவும். பழுப்பான ஈரத்தூள் வந்தால் உள்மரம் நனைந்திருக்கிறது. அதை உலரவிடாமல் மூடக் கூடாது.
3. துளையைப் பெரிதாக்கி, அடியில் டேப் ஒட்டி, கெட்டியாக்கிய எபாக்சியால் நிரப்பவும். இறுகியபின் நடுவில் போல்ட் அளவுக்குத் துளையிட்டால், இனி நீர் வந்தாலும் மரத்தைத் தொடாது.
4. துளையின் மேல்விளிம்பைச் சற்றே சாய்வாகக் குடையவும். சீலன்ட் போல்ட்டைச் சுற்றி வளையமாக உட்கார இந்தக் குடைவே இடம் தருகிறது.
5. பியூட்டைல் டேப்பைத் தட்டின் அடியிலும், போல்ட் தலைக்குக் கீழே கூம்பு போலவும் சுற்றவும்.
6. மேலே போல்ட்டை அசையாமல் பிடித்து, உள்ளே நட்டை மட்டும் திருகவும். போல்ட் சுழன்றால் சீலன்ட் அறுந்துவிடும். அன்று பாதி இறுக்கி, பிதுங்கியதை வெட்டி, அடுத்த இரண்டு மூன்று நாட்களில் சிறிது சிறிதாக முழுதாக இறுக்கவும்.

குறிப்பு: 32 பாகை வெயிலில் எபாக்சி மிக வேகமாக இறுகும், குவளையில் மொத்தமாகக் கலந்தால் புகையவும் செய்யும். மெதுவாக இறுகும் ஹார்டனரை எடுத்து, அகன்ற தட்டில் சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும். மழைக்கால ஈரப்பதத்தில் இறுகிய எபாக்சியின் மேல் மெழுகுப்படலம் படியும். அடுத்த பூச்சுக்கு முன் அதை நீரால் கழுவித் தேய்க்க வேண்டும்.

எந்தச் சீலன்ட், எங்கே

இனிக் கழற்றவே போவதில்லை என்ற இடத்துக்கு, அதாவது உடலும் டெக்கும் சேரும் விளிம்புக்கும் நீருக்கடியில் உள்ள பொருத்துக்கும், பாலியூரித்தேன். கழற்றக்கூடிய டெக் பொருத்துக்குப் பாலிசல்ஃபைடு அல்லது பியூட்டைல். அக்ரிலிக், பாலிகார்பனேட் ஜன்னலுக்குப் பாலிசல்ஃபைடு ஆகாது. பிளாஸ்டிக்கை அரித்து வெடிக்கவைக்கும். அதற்கென உள்ள கண்ணாடிச் சிலிகான் வேண்டும். மற்ற இடங்களில் சிலிகானைத் தவிர்ப்பது நல்லது. ஒருமுறை பூசிய இடத்தில் பிறகு வேறெதுவும் சரியாக ஒட்டாது. எரிபொருள் மூடியைச் சுற்றிப் பியூட்டைல் கூடாது. டீசலும் பெட்ரோலும் அதைக் கரைத்துவிடும்.

படகைத் தூக்கியே செய்ய வேண்டியவை

உடலில் வெடிப்பு, வால்வு மாற்றம், கீல் இணைப்பு ஆகிய மூன்றுக்கும் தரை வேண்டும். எல்லா மரினாவிலும் தூக்கும் வசதி இருக்காது. லங்காவியின் ரேபாக் போன்ற இடங்களில் டிராவல் லிஃப்ட் உண்டு. சந்தேகம் எழுந்த நாளிலேயே முறை கேட்டுப் பதிவுசெய்துவிட வேண்டும்.

உடலின் வெடிப்பை மேலே பூசி மறைக்க முடியாது. வெடிப்பின் இருபுறமும் அடுக்கின் கனத்தைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சாய்வாகத் தேய்த்து எடுக்க வேண்டும்: 5 மி.மீ. கனத்துக்கு 60 மி.மீ. நன்கு உலர்ந்தபின் கண்ணாடியிழைத் துணியை எபாக்சியில் நனைத்து அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும். தேய்க்கும்போது முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம்.

கீலைப் பற்றித் தளர்வான நினைப்பே கூடாது. கீலின் முன்முனையில், உடலுடன் சேரும் இடத்தில் வாய்பிளந்த கோடு தெரிந்தாலோ, உள்ளே கீல் போல்ட்டைச் சுற்றித் துரு நீர் ஊறினாலோ, உள்கட்டமைப்பு உடலிலிருந்து விட்டிருந்தாலோ, அது படகுக்காரர் அடைக்கும் கசிவு அல்ல. தகுதியுள்ள சர்வேயர் பார்த்த பிறகே கடலுக்குப் போக வேண்டும். 2014 மே மாதத்தில் ஆன்டிகுவாவிலிருந்து சவுத்தாம்ப்டன் திரும்பிக்கொண்டிருந்த ‘சீக்கி ரஃபீக்கி’ என்ற பாய்ப்படகு நடு அட்லாண்டிக்கில் கீல் கழன்று கவிழ்ந்தது. நால்வரும் மீளவில்லை. முன்பு தரைதட்டியதும் பிறகு பழுதுபார்த்ததும் சேர்ந்து அதன் கட்டமைப்பை வலுவிழக்கச் செய்திருக்கலாம் என்று பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு கூறியது. அவர்கள் கடைசியாகக் கரைக்கு அனுப்பிய செய்திகளில், படகுக்குள் நீர் வருவதாகவே சொல்லியிருந்தார்கள்.

தூக்கும் முறை வரும்வரை

ஒவ்வொரு வால்வின் அருகிலும் அதற்குப் பொருந்தும் மென்மரத் தக்கையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும். சிறு துளைக்கு, நீருக்கடியிலும் இறுகும் எபாக்சிப் பசையைப் பிசைந்து வைக்கலாம். உள்ளிருந்து வைத்தால் வெளிநீரின் அழுத்தம் அதைத் தள்ளிவிடப் பார்க்கும். பலகையை மேலே வைத்து முட்டுக்கொடுக்க வேண்டும். தற்காலிக அடைப்புள்ள படகை ஆள் இல்லாமல் இரவில் விடக் கூடாது. மரினா அலுவலகத்திலும் பக்கத்துப் படகிலும் சொல்லிவைப்பது அவசியம்.

சோதனை

படகு லிஃப்ட்டின் பட்டையில் தொங்கும்போதே, நீரில் பாதி இறங்கியவுடன், உள்ளே போய் வேலை செய்த ஒவ்வொரு பொருத்தையும் உலர்ந்த கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஈரம் பட்டால் அப்போதே மறுபடி தூக்கச் சொல்லலாம். பட்டையைக் கழற்றியபின் கேட்டால் அது இன்னொரு கட்டணம். பிறகு ஒரு மணி நேரத்திலும், அன்றிரவு படுக்கும் முன்னும், மறுநாள் காலையிலும் அடிக்குழியைப் பார்த்து அளவைக் குறிக்க வேண்டும். கடைசியாக, துறைமுகத்துக்கு வெளியே இரு பக்கமும் நன்கு சாய்ந்து ஓடும்படி இரண்டு மணி நேரம் பாய் விரித்து, ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்க்க வேண்டும். எந்த இடத்தில் எந்தச் சீலன்ட், என்ன அளவுக் கயிறு, எந்தத் தேதி என்பதைப் படகின் பதிவேட்டில் எழுதிவைத்தால், அடுத்த முறை அதைக் கழற்றுபவர் எதை எப்படிக் கழற்றுவது என்று தேட வேண்டியிருக்காது.